"நானே போய்க்கிருவேன் சிஸ்டர்": வார்டில் வயதானவர்கள் விழுவது பற்றி ஒரு நர்ஸின் அனுபவம்

"இத்தனை பேர் டியூட்டியில இருக்கீங்க. ஆஸ்பத்திரியில வச்சே எப்படிங்க எங்கப்பா விழுவாரு?" வார்டில் ஒரு பெரியவர் விழுந்துவிட்டால் அடுத்த அரைமணி நேரத்துக்குள் இந்தக் கேள்வி வந்துவிடும். கோபம் நியாயமானதுதான். மூச்சுத் திணறலுக்குச் சேர்த்த மனிதர் இடுப்பெலும்பு உடைந்து ஆபரேஷனுக்குப் போனால் எந்த மகனுக்குப் பொறுக்கும்? ஆனால் வீட்டில்தான் விழுவார்கள், ஆஸ்பத்திரியில் விழமாட்டார்கள் என்று நினைப்பதுதான் சிக்கல். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டில் நர்ஸாக இருந்து, இப்போது அதே வார்டுக்கு இன்சார்ஜாக இருக்கிறேன். எழுபதைத் தாண்டியவர் விழுவதற்கு வேண்டிய அத்தனையும் ஒரு வார்டில் கூடி இருக்கிறது என்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டவள்.

வீட்டில் அவருக்கு இருட்டிலேயே பாத்ரூமுக்கு வழி தெரியும். பல வருடமாகக் கட்டிலின் இடப்பக்கம் இறங்கிப் பழகியவர். இங்கே அந்தப் பக்கம் சுவர் இருக்கும், வலப்பக்கம்தான் இறங்க முடியும். கட்டிலும் வீட்டுக் கட்டிலைவிட ஒரு சாண் உயரம், கால் தரையில் பாவாது. கையில் டிரிப்ஸ் ஊசி, பக்கத்தில் உருளுகிற ஸ்டாண்டு. மூன்று நாளாகக் கஞ்சி தவிர ஒன்றும் இறங்கவில்லை. அதற்கு மேல் புதிதாக நாலு மாத்திரை. உலகம் முழுக்க ஆண்டுக்கு 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அதில் அதிகம் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். முதியோருக்கென்றே சென்னை கிண்டியில் 200 படுக்கைகளோடு ஒரு தேசிய மருத்துவமனை 2024இல் திறந்தார்கள், நல்ல விஷயம். ஆனால் நம் ஊர்களில் பெரும்பாலான பெரியவர்கள் படுத்திருப்பது எங்களைப் போன்ற சாதாரண வார்டுகளில்தான்.

ஒரு சம்பவத்தை மட்டும் முழுதாகச் சொல்கிறேன். நான் பார்த்த மற்ற பலவும் இதன் சாயலில்தான் இருந்தன.

உசிலம்பட்டிப் பக்கத்து ஐயா ஒருவர். இதயம் பலவீனம், இரண்டு காலிலும் நீர் கோத்திருந்தது. நீர் பிரிய லாசிக்ஸ் ஊசி காலையில் ஒன்று, இரவு எட்டு மணிக்கு ஒன்று. துணைக்கு மகன். பகலெல்லாம் ஸ்கேன், மருந்துச் சீட்டு, கேன்டீன் என்று அலைந்துவிட்டு, கட்டிலை ஒட்டிக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தார். கட்டிலின் இரண்டு பக்கமும் தடுப்புக் கம்பி ஏற்றியிருந்தது. யூரின் கேன் கட்டிலுக்கு அடியில், மகனின் தலைமாட்டில். அழைப்பு மணியின் சுவிட்ச் ஐயாவின் தலைக்குப் பின்னால் சுவரில். இரவு இரண்டரை மணி வாக்கில் அவருக்கு அடக்க முடியாமல் வந்திருக்கிறது. இறங்கினால் மகனை மிதிக்க வேண்டும். பக்கவாட்டில் கம்பி வேறு. சரி என்று உட்கார்ந்தபடியே கால்மாட்டுக்கு நகர்ந்து, கம்பிக்கும் கட்டிலின் கால்மாட்டுப் பலகைக்கும் நடுவில் இருந்த இடைவெளி வழியாக இறங்கப் பார்த்திருக்கிறார். லுங்கி கம்பியின் கொண்டியில் மாட்டிக்கொண்டது. விழுந்த சத்தத்தில்தான் மகன் எழுந்தார்.

ஒரு கால் குட்டையாகத் தெரிந்தது, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. எக்ஸ்ரே எடுக்கும் முன்பே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் அவரிடம் பேசும்போது, "புள்ள இப்பத்தான் கண்ணசந்தான். எழுப்ப மனசு வரல" என்றார். சிஸ்டரைக் கூப்பிட்டிருக்கலாமே என்றதற்கு, "நீங்க பொம்பளப்புள்ளைக, உங்களப் போயி இதுக்குக் கூப்பிடுறதா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தரை ஈரமில்லை. விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது. கேஸ் ஷீட்டில் "விழும் வாய்ப்பு அதிகம்" என்று எழுதி, கையில் மஞ்சள் பட்டையும் கட்டியிருந்தது. விதிப்படி எல்லாம் சரி. ஆனால் எட்டு மணி லாசிக்ஸ் நள்ளிரவில் அவரை எழுப்பும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. யூரின் கேன் அவர் கைக்கு எட்டுகிறதா என்று பார்க்கவில்லை. கம்பி அவரைத் தடுக்கவில்லை, சுற்றிப் போக வைத்தது. எல்லாவற்றுக்கும் மேல், அவர் யாரையும் தொந்தரவு செய்ய மாட்டார் என்பதை நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை.

மஞ்சள் பட்டை பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தரச்சான்றிதழ் வாங்குகிற மருத்துவமனைகளில் சேர்ந்தவுடன் ஒவ்வொருவருக்கும் விழும் அபாயத்தைக் கணக்கிட்டு எழுத வேண்டும். எங்கள் வார்டில் புழங்குவது மோர்ஸ் அளவுகோல். முன்பு விழுந்திருந்தால் 25, இன்னொரு நோயும் கூட இருந்தால் 15, டிரிப்ஸ் அல்லது கையில் ஊசி இருந்தால் 20, நடை தளர்ந்திருந்தால் 10, தள்ளாடினால் 20, தன் நிலை தனக்கே புரியாவிட்டால் 15, இன்ன பிற. 45ஐத் தொட்டால் அதிக அபாயம் என்று பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். இப்போது எங்கள் வார்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர் என்றால் சர்க்கரையோ பிரஷரோ நிச்சயம் கூட இருக்கும், 15 ஆயிற்று. கையில் ஊசி, 35. காய்ச்சலில் நடை தளர்ச்சி, 45. ஆக எல்லோர் கையிலும் மஞ்சள் பட்டை. எல்லோர் கையிலும் இருந்தால் பட்டையால் என்ன தெரியப் போகிறது?

இது என் சொந்த எரிச்சல் மட்டுமில்லை. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கிற நைஸ் அமைப்பு 2013 வழிகாட்டுதலிலேயே, மருத்துவமனையில் இந்த மாதிரி மதிப்பெண் போட்டுப் பிரிக்க வேண்டாம், 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் எல்லோருக்கும் அபாயம் உண்டென்றே வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் எதனால் என்று பாருங்கள் என்று சொல்லிவிட்டது. ஆஸ்திரேலியாவில் ஆறு மருத்துவமனைகளின் 24 வார்டுகளில் மதிப்பெண், எச்சரிக்கை அட்டை, தாழ்வான கட்டில், அலாரம் எல்லாம் சேர்ந்த ஒரு திட்டத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். 2016இல் முடிவு வந்தது, விழுவது குறையவில்லை. அதே நாட்டில் மறுவாழ்வு வார்டுகளில் செய்த இன்னொரு ஆய்வில், நோயாளியோடு தனித்தனியாக உட்கார்ந்து பேசி, ஊழியர்களுக்கும் சேர்த்துப் பயிற்சி கொடுத்தபோது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. அது 2015இல் வெளிவந்தது. அலாரத்தால் ஆகாதது பேச்சால் ஆகியிருக்கிறது. அங்கே இருந்த ஆள்பலம் நமக்குக் கிடையாது என்பது வேறு விஷயம். இரவில் முப்பது கட்டிலுக்கு இரண்டு நர்ஸ், ஒரு ஆயாம்மா என்றால் எவ்வளவு பேச முடியும்?

முடிந்ததைச் செய்தோம். முதலில் செய்தது பாத்ரூமுக்கு நேரம் வைத்தது. கூப்பிட்டால் போவோம் என்று காத்திருக்காமல், விளக்கணைக்கும் முன் ஒரு சுற்று, இரண்டு மணிக்கு முன்பாக ஒரு சுற்று, விடியற்காலை ஐந்துக்கு ஒரு சுற்று. இரண்டு மணிச் சுற்றில் எல்லோரையும் எழுப்புவதில்லை. நீர் மாத்திரை போடுகிறவர்கள், புரண்டுகொண்டே இருப்பவர்கள், முந்தின இரவு எழுந்தவர்கள், இவர்கள் மட்டும். நன்றாகத் தூங்குகிறவரைத் தொடுவதில்லை.

கேட்கிற விதமும் முக்கியம். "ஒண்ணுக்குப் போகணுமாய்யா?" என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் "வேண்டாம்மா, நீ போய் வேலையப் பாரு" என்பார்கள். நாம் அந்தப் பக்கம் திரும்பியதும் மெல்ல எழுந்திருப்பார்கள். அதனால் கேள்வியாகவே கேட்பதில்லை. "வாங்கய்யா, அந்தப் பக்கந்தான் போறேன், ஒரு எட்டு போயிட்டு வந்துருவோம்." இப்படிச் சொன்னால் தொந்தரவு கொடுத்த மாதிரி அவருக்குத் தோன்றாது, கிளம்பிவிடுவார். பெண் நர்ஸிடம் கூச்சப்படும் ஐயாக்களுக்கு வார்டு பாயை அனுப்புவோம். மகன் துணைக்கு இருக்கும் அம்மாக்களும் இதே போலத்தான். மகனிடம் சொல்ல மாட்டார்கள், அடக்கிக்கொண்டே கிடப்பார்கள். அவர்களிடம் நாங்களாகவே போக வேண்டும். மகன்களுக்கு ஒரு வார்த்தை: அம்மா உங்களிடம் கேட்கவில்லை என்பதால் அவருக்குத் தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, பாத்ரூமுக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிடக்கூடாது. உட்காருவதைவிட எழுந்திருக்கும்போதுதான் விழுகிறார்கள். முக்கி எழுந்து, துணியைச் சரிசெய்யக் குனிந்து, தண்ணீர் ஊற்றத் திரும்பும்போது தலை சுற்றும். "நான் வெளியத்தான் நிக்கிறேன், முடிஞ்சதும் குரல் கொடுங்க, நான் வந்து தூக்குறவரைக்கும் எந்திரிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு உண்மையாகவே நிற்க வேண்டும். தாழ்ப்பாள் போட வேண்டாம் என்றால் மானம் போகும் என்று பயப்படுகிறார்கள். எங்கள் வார்டில் கதவின் கைப்பிடியில் ஒரு துண்டைத் தொங்கவிட்டால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அது பழகிப்போனபின் தாழ்ப்பாள் பிரச்சினை பாதியானது. மீதிப் பாதிக்கு, வெளியிலிருந்து நாணயத்தை வைத்துத் திருப்பித் திறக்கிற பூட்டை மாட்டச் சொன்னோம். உள்பக்கம் திறக்கிற கதவு இன்னும் ஆபத்து. விழுந்தவர் கதவை அடைத்துக்கொண்டு கிடப்பார், தள்ளவும் முடியாது. கட்டடம் கட்டுகிற இன்ஜினியர்கள் ஒரு நாள் வார்டில் வந்து படுத்துப் பார்த்தால் நன்றாக இருக்கும்.

அப்புறம் பிரஷர். படுத்திருப்பவரைப் பார்த்துவிட்டு "பிபி நார்மல்" என்று எழுதிவிட்டுப் போவது எல்லா இடத்திலும் வழக்கம். நிற்கும்போது என்ன என்று பார்ப்பதில்லை. எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், நிலை மாறும்போது ரத்த அழுத்தம் இறங்குகிறது என்று அர்த்தம். வாந்திபேதியோடு சேர்த்த ஒரு அம்மா, காலையில் எழுந்தாலே "கண்ணு இருட்டுது" என்றார். படுக்கையில் 140, நிற்க வைத்துப் பார்த்தால் 104. உடம்பில் நீர் வற்றிக் கிடக்க, வீட்டில் போட்ட பிரஷர் மாத்திரை இங்கேயும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் மாத்திரையை நிறுத்தி டிரிப்ஸ் ஏற்றினார், இரண்டு நாளில் இருட்டு போனது. அந்த அம்மாவுக்கு வேண்டியிருந்தது கைத்தாங்கலும் இல்லை, கம்பியும் இல்லை. ஒரு மாத்திரையை நிறுத்துவதுதான். அதனால் எழுந்திருக்கும் எந்தப் பெரியவரிடமும் நாங்கள் சொல்வது: முதலில் உட்காருங்கள். காலைத் தொங்கப் போட்டுப் பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஒன்றிரண்டு நிமிடம் கழித்து நில்லுங்கள். நின்ற இடத்திலேயே சற்று நின்றுவிட்டு அப்புறம் நடங்கள்.

மாத்திரை என்றால் தூக்க மாத்திரையைச் சொல்லாமல் விட முடியாது. இரவு பத்து மணிக்கு உறவினர்கள் வந்து நிற்பார்கள். "அப்பா தூங்கவே மாட்டேங்கிறாரு, ஒரு மாத்திரை குடுங்க சிஸ்டர்." அல்பிரசோலாம் மாதிரி ஒன்று போட்டால் அவர் தூங்குவார்தான். ஆனால் இரண்டு மணிக்குச் சிறுநீருக்கு எழும்போது பாதித் தூக்கத்தில், கால் நிலைகொள்ளாமல் எழுவார். அலர்ஜிக்கும், ரத்தம் ஏற்றும் முன்பும் போடும் ஏவில் ஊசியும் அப்படித்தான், மந்தமாக்கும். புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் மாத்திரைகள் சிலவும் பிரஷரை இறக்கும். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாடு வரத் தாமதமானால் சர்க்கரை இறங்கி, வியர்த்து, தட்டுத்தடுமாறுவார்கள். வயதானவர்களுக்கு உடம்பில் சோடியம் குறைந்தாலும் நடை தடுமாறும். உசிலம்பட்டி ஐயாவுக்குப் பிறகு, இரண்டாவது லாசிக்ஸை மாலை நாலு மணிக்கு மாற்றலாமா என்று ரவுண்ட்ஸில் ஒவ்வொரு முறையும் கேட்க ஆரம்பித்தோம். பெரும்பாலும் டாக்டர்கள் சரி என்பார்கள். கேட்காவிட்டால் எட்டு மணியிலேயே இருக்கும்.

இதையெல்லாம் தாண்டிய கஷ்டம், சித்தம் கலங்கிப் போகிறவர்கள். வீட்டில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த மனிதர், சேர்த்த இரண்டாம் நாள் மாலை ஆனதும் ஆளே மாறிவிடுவார். ஒரு பாட்டி தினமும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, "மாடு கத்துது, பால் கறக்கணும்" என்று இறங்கப் பார்த்தார். மருமகள் பயந்துபோய், கையைக் கட்டிவிடுங்கள் என்றார். கட்டினால் இன்னும் முரண்டுவார்கள், கட்டோடு சேர்ந்து கட்டிலிலிருந்து தொங்கியவர்களும் உண்டு. பாட்டிக்குப் பைத்தியம் இல்லை. அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தால் கல் போல் இருந்தது, சிறுநீர் வெளியேறாமல் தேங்கியிருந்தது. மலச்சிக்கல் வேறு. அது இரண்டும் சரியானதும் மாடு கத்துவது பெருமளவு குறைந்தது. முழுதாக நிற்கவில்லை. அதற்காக நாலு மணிக்கு முன்பே அவரை எழுப்பி, உட்கார வைத்து, ஒரு டம்ளர் காப்பி கொடுத்து, வராண்டாவில் ஒரு நடை கூட்டிப்போய் வருவோம். "மாடு கறந்தாச்சா?" என்று ஆயாம்மா கேட்பார். "ஆச்சு" என்பார் பாட்டி. அப்புறம் ஏழு மணிவரை சத்தமே இருக்காது.

இப்படித் திடீரென்று கலங்கினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். காய்ச்சல், கிருமித் தொற்று, வலி, நீர்ச்சத்துக் குறைவு, புது மருந்து என்று ஏதாவது. "வயசாச்சு, அப்படித்தான்" என்று விடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். கண்ணாடியையும் காது மெஷினையும் "தொலைஞ்சிரும்" என்று வீட்டில் வைத்துவிட்டு வருகிறார்கள். கண்ணும் தெரியாமல் காதும் கேட்காமல் புது இடத்தில் படுக்க வைத்தால் நமக்கே கலங்கும். பகலில் ஜன்னல் திரையை விலக்குங்கள். என்ன கிழமை, எந்த ஊர், எதற்காக வந்திருக்கிறோம் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்கொண்டே இருங்கள். ராத்திரிக்குத் தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

கட்டிலைப் பற்றிச் சொல்வதென்றால், தடுப்புக் கம்பி, சித்தம் தெளிவாக இருப்பவருக்கு ஓரளவு உதவும், பிடித்துப் புரளலாம். கலங்கியவருக்கு இரண்டு பக்கமும் முழுக்கம்பி போட்டால் ஏறிக் குதிக்கத்தான் பார்ப்பார், இன்னும் உயரத்திலிருந்து விழுவார். கட்டிலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்துவது மேல். ஏறுவதற்குப் போட்டிருக்கும் இரும்புப் படியை, ஏறியதும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட வேண்டும், இரவில் அதில் இடறுகிறார்கள். சக்கரப் பூட்டைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். துடைப்பவர்கள் கட்டிலை நகர்த்திவிட்டுப் பூட்ட மறப்பது தினசரி நடப்பது. எங்கள் வார்டில் காலை ஆறு மணிக்கு ஃபினாயில் போட்டுத் துடைப்பார்கள். எல்லோரும் பாத்ரூமுக்குக் கிளம்பும் நேரமும் அதுதான். துடைக்கும் நேரத்தை மாற்ற எங்களால் முடியவில்லை, அதற்கு நிர்வாகத்தில் ஆயிரம் காரணம் சொன்னார்கள். சரி, நடைபாதையில் பாதி அகலத்தைத் துடைத்துக் காயவிட்டு மறுபாதியைத் துடையுங்கள் என்று சுகாதாரப் பணியாளர் அக்காவிடம் நேரடியாகச் சொன்னோம். மறுநாளே செய்தார்.

செருப்பு விஷயத்தில் வீட்டார்தான் உதவ வேண்டும். தேய்ந்துபோன ரப்பர் செருப்பு ஈரத் தரையில் வழுக்கும், வீங்கிய காலில் நிற்காது. குதிகாலுக்குப் பின்னால் வார் உள்ள, அடிப்பாகம் சொரசொரப்பான செருப்பு வாங்கி வாருங்கள். குளிருகிறது என்று வெறும் சாக்ஸோடு நடக்க விடாதீர்கள். நைட்டி பாதத்தை மூடக்கூடாது, கணுக்காலுக்கு மேல் நிற்கட்டும். காலுக்குத் தைலமோ எண்ணெயோ தேய்த்தால் துடைத்துவிட்டு இறக்குங்கள். பாத்ரூமில் துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழ விடாதீர்கள். அது ஆள் பாரத்துக்கு மாட்டியது கிடையாது, சுவரோடு பெயர்ந்து வரும்.

ஒருமுறை ஒருவர் விழுந்துவிட்டால் அதற்கப்புறம் வீட்டார் அவரை அசையவே விடமாட்டார்கள். "படுங்கப்பா, எதுவும் வேணாம்." இது விழுவதைவிடப் பெரிய கெடுதல் என்று நான் நினைக்கிறேன். நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2007இல் வந்தது. கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. காய்ச்சலில் கிடப்பவருக்கு அதைவிடக் கூடத்தான் கரையும். கால் வலுவிழந்தவர் அடுத்தமுறை இன்னும் எளிதாக விழுவார். அதனால் மூன்று வேளையும் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடட்டும், டாக்டர் அனுமதித்தால் ஆள்துணையோடு நடக்கட்டும். நடத்தும்போது கையைப் பிடித்து முன்னால் இழுக்காதீர்கள். பலவீனமான பக்கத்தில், அரை அடி பின்னால் நின்று, ஒரு கையை இடுப்பிலும் மறு கையை அவர் முழங்கைக்குக் கீழும் கொடுங்கள். தப்பித்தவறிச் சாயத் தொடங்கினால் தூக்கி நிறுத்தப் போராடாதீர்கள், இரண்டு பேரும் சேர்ந்து விழுவீர்கள். உங்கள் உடம்போடு சாய்த்து, மெதுவாகத் தரையில் சரியவிட்டு உட்கார வையுங்கள்.

விழுந்தேவிட்டால் ஓடிப்போய் அள்ளித் தூக்குவதுதான் நம் வழக்கம். அதைச் செய்யாதீர்கள். கிடந்த இடத்திலேயே பேச்சுக் கொடுங்கள். எங்கே வலிக்கிறது, தலை இடித்ததா, காலை அசைக்க முடிகிறதா? நாங்கள் வந்து பிரஷர், சர்க்கரை, காலின் நீளம் எல்லாம் பார்த்தபின் சேர்ந்து தூக்கலாம். காப்பி, சோடா எதுவும் கொடுக்க வேண்டாம், ஒருவேளை ஆபரேஷன் தேவைப்பட்டால் வயிறு காலியாக இருக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தலையை இடித்துக்கொண்டால், "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று அவரே சொன்னாலும் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். மூளைக்குள் ரத்தம் மெதுவாகக் கசிந்து, மறுநாள்கூடத் தெரியவரலாம்.

நர்ஸ்களுக்கு ஒரு விஷயம். விழுந்ததை எழுதப் பயப்படுகிறோம். மெமோ வரும், சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம். நான் பார்த்த ஒரு மேலதிகாரி விழுந்த செய்தி கேட்டவுடன் "யார் டியூட்டி?" என்று கேட்பார். அவர் இருந்தவரை லேசாக விழுந்தவை எதுவும் காகிதத்தில் ஏறவே இல்லை. அவருக்குப் பின் வந்தவர் "எதுக்காக எழுந்தாராம்?" என்று கேட்டார். எழுதத் தொடங்கினோம். ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் எத்தனை மணி, எதற்காக எழுந்தார், யாரைக் கூப்பிட்டார், ஏன் கூப்பிடவில்லை என்று நாலு வரி. சில மாதத்தில் அதைப் புரட்டியபோது, பாத்ரூமுக்கு எதிர்மூலையில் இருந்த கட்டில்களிலிருந்துதான் அதிகம் என்று தெரிந்தது. இப்போது தள்ளாடுகிறவர்களுக்கு அந்த மூலையைக் கொடுப்பதில்லை. விழுவது நின்றுவிடவில்லை, முன்னைவிடக் குறைவு.

துணைக்கு இருப்பவர்களுக்குச் சொல்ல விட்டுப்போனவை சில. கடந்த ஆறு மாதத்தில் வீட்டில் எங்காவது விழுந்திருந்தால் சேர்க்கும்போதே சொல்லுங்கள், கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. அவர் இறங்கும் பக்கத்தில் பாய் விரிக்காதீர்கள். அழைப்பு மணி, தண்ணீர், கண்ணாடி, யூரின் கேன் நான்கும் படுத்தபடியே கைக்கு எட்டுகிறதா என்று அவரையே தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். "கூப்பிட்டா நான் கோவிச்சுக்க மாட்டேன், கூப்பிடாமப் போனாத்தான் கோவிச்சுக்குவேன்" என்று அப்பாவிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சில பேருக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். காப்பி வாங்கப் போனாலும் பக்கத்துக் கட்டில்காரரிடமோ எங்களிடமோ சொல்லிவிட்டுப் போங்கள்.

டிஸ்சார்ஜ் நாளில் கூடுதல் கவனம் வேண்டும். பில் கட்டவும் மருந்து வாங்கவும் எல்லோரும் கவுன்டருக்குப் போய்விடுவார்கள். வீட்டுக்குப் போகிற உற்சாகத்தில் ஐயா தனியாக நின்றுகொண்டு வேட்டி மாற்றுவார். உட்கார்ந்தே மாற்றச் சொல்லுங்கள், ஒருவர் கூட இருங்கள். வாக்கர் வாங்கியிருந்தால் கடையில் கொடுத்த உயரத்திலேயே கொண்டுபோகாதீர்கள். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் இடத்தில் அதன் கைப்பிடி இருக்க வேண்டும். கால்களில் உள்ள பொத்தானை அமுக்கினால் உயரம் மாறும், நான்கு காலும் ஒரே அளவில் இருக்கட்டும். பிசியோதெரபிஸ்ட் வார்டில் இருக்கும்போதே, வண்டி வரும் முன், அதோடு பத்தடி நடக்க வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.